ஸ்பைஸ்: மத்திகிரி வரை வந்த ஒரு நாடா

ஒரு சர்க்யூட் வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஒரே வழிதான் இருந்தது: செய்து பார்ப்பது. பிரெட்போர்டில் ரெசிஸ்டரைச் செருகு, கரண்ட் கொடு, ஸ்கோப்பில் பார். தப்பா இருந்தா பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகு. புகை வந்தால் அதுவும் ஒரு பாடம்.

1960-களில் இந்த வழி அடைபட்டது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாம் ஒரே சிலிக்கான் சில்லுக்குள் போய்விட்ட பிறகு எதைப் பிடுங்குவது? சில்லு கைக்கு வந்தபின் தப்பு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, செய்வதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டிய கட்டாயம்.

கணக்கு என்னவோ பழசுதான். ஒரு சந்திக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியே போக வேண்டும் என்று கிர்ச்சாஃப் 1845-லேயே சொல்லிவிட்டார். ஆனால் டயோடும் டிரான்சிஸ்டரும் நேர்கோட்டில் நடக்கிற ஆட்கள் இல்லை. விடையை ஊகித்து, சரிபார்த்து, திருத்தி, மறுபடி ஊகிக்க வேண்டும். நேரத்தைத் துளித்துளியாக நறுக்கி, ஒவ்வொரு துளிக்கும் இதையே செய்ய வேண்டும். கையால் ஆகிற வேலையில்லை.

1969-70-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரோரர் இந்த வேலையைத் தன் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தார். அவர்களில் ஒருவர் லாரன்ஸ் நேகல். அங்கே பிறந்த நிரலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கேன்சர்'. 'நேர்கோட்டில் அடங்காத சர்க்யூட்டுகளின் கணினி ஆய்வு, கதிர்வீச்சு நீங்கலாக' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அந்தக் கடைசிச் சொல்லில் ஒரு குத்தல் இருக்கிறது. அன்றைக்கு இப்படிப்பட்ட நிரல்களுக்கு அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்தது. அணுகுண்டுக் கதிர்வீச்சில் சர்க்யூட் தாங்குமா என்பது அவர்கள் கேள்வி. எங்களுக்கு அது வேண்டாம் என்று மாணவர்கள் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ரோரர் பெர்க்லியை விட்டுப் போன பிறகு வேலை டொனால்ட் பீடர்சனிடம் வந்தது. அவர் பிடிவாதமாக ஒன்று சொன்னார்: நிரல் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. அதற்காகவே திருத்தி எழுதி, பெயரையும் மாற்றினார்கள். அதுதான் ஸ்பைஸ். 1973-இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த ஒரு மாநாட்டில் அதை அறிவித்தார்கள். கேட்டவர்களுக்கு ஏறக்குறைய நாடாவின் செலவுக்கே மூல நிரல் கிடைத்தது. நேகலின் ஆய்வேட்டோடு 1975-இல் வந்த ஸ்பைஸ் 2 உலகமெங்கும் பரவியது. படித்துவிட்டு வேலைக்குப் போன மாணவர்கள் அதைத் தங்கள் நிறுவனங்களுக்குள் கொண்டு போனார்கள்.

திறந்த கதவு வழியாக வியாபாரிகளும் வந்தார்கள். 1984-இல் மைக்ரோசிம் நிறுவனம் பி-ஸ்பைஸைக் கொண்டு வந்தது. மேசைக் கணினியிலேயே ஓடும். நம்ம ஊர் பொறியியல் மாணவர்கள் 'சிமுலேஷன்' என்ற சொல்லை முதலில் கேட்டது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். மாணவர் பதிப்பு இலவசம், ஆனால் சர்க்யூட் கொஞ்சம் பெரிதானால் நின்றுவிடும். முழுப் பதிப்பின் விலையோ கல்லூரிக்கே கனம். அப்புறம் என்ன, கை மாறி கை மாறி வந்த சிடிதான். பூட்டு உடைத்த மென்பொருளில் ஒரு தலைமுறையே படித்தது. அது திருட்டு என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் மென்பொருள் கிடைக்கிற வழி என்று நினைத்தார்கள்.

இப்போது மத்திகிரிக்கு வருவோம். 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணைக்குப் பேர்போன ஊர் இது. பக்கத்தில் ஓசூர் சிப்காட். டைட்டன், அசோக் லேலண்ட், டி.வி.எஸ். எனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருவில் கடை விரித்தது. சில்லு வடிவமைப்பு என்ற தொழில் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனா அந்த நாற்பது கிலோமீட்டர் சும்மா இல்லை. வரைபடம் அந்தப் பக்கம் பிறக்கும். போர்டு இந்தப் பக்கம் சால்டர் ஆகும். விதிவிலக்கு உண்டு, பெரிய நிறுவனங்கள் இங்கேயே வடிவமைப்புப் பிரிவு வைத்திருக்கின்றன. ஆனால் சிட்கோ ஷெட்டில் நாலு பேரை வைத்து பவர் சப்ளையோ சார்ஜரோ செய்கிறவருக்கு, லட்சக்கணக்கில் லைசென்ஸ் என்றால் அது பெங்களூருக்காரர் சமாச்சாரம்தான்.

இந்த நிலை மெல்ல மாறியது. 1999-இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் மைக் எங்கல்ஹார்ட் எழுதிய, இன்று எல்.டி.ஸ்பைஸ் என்று அறியப்படும் மென்பொருள் வந்தது. காசு வேண்டாம், சர்க்யூட் அளவுக்குக் கட்டுப்பாடும் இல்லை. தங்கள் சில்லுகள் விற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் மூல நிரல் மூடியே இருக்கும். சும்மா கிடைப்பது வேறு, திறந்திருப்பது வேறு. பெர்க்லியின் ஸ்பைஸ் 3-இலிருந்து வளர்ந்த என்.ஜி.ஸ்பைஸ் திறந்தே இருக்கிறது. பிரான்ஸில் ஜான்-பியர் ஷராஸ் 1992-இல் தொடங்கிய கிகேட், 2018-இல் அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டம் இந்த இரண்டையும் கோத்து 'இ-சிம்' என்று இந்திய மாணவர்களுக்குக் கொடுக்கிறது. அதே ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல், திறந்த மென்பொருள் பாடங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தருகிறது. சிடி வேண்டாம், பூட்டு உடைக்க வேண்டாம், பயமும் வேண்டாம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சிமுலேஷன் நீங்கள் சொன்னதை மட்டும்தான் நம்பும். உதிரிபாகத்தின் மாடல் தப்பென்றால் விடையும் தப்பு. ஹீட்சிங்க் இல்லாத பெட்டிக்குள் ஏறும் சூட்டையோ, போர்டில் செம்புப் பாதை கொஞ்சம் நீண்டதையோ நீங்கள் சொல்லாமல் அது அறியாது. திரையில் அழகாக ஓடும் அலை, மேசையில் புகையாகலாம். செய்து பார்க்கிற பழைய பாடம் அதனால் செத்துவிடவில்லை.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் உருள்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சார்ஜர், மோட்டார் கண்ட்ரோலர், பேட்டரிக் காவல் போர்டு. அவற்றை சால்டர் செய்யும் இடத்தில் வடிவமைக்கவும் முடியுமா என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி. முடியாது என்பதற்குப் பல காரணம் சொல்லலாம்: ஆள், முதலீடு, அனுபவம். 'கருவி இல்லை' என்ற காரணத்தை மட்டும் இனிமேல் சொல்ல முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பேராசிரியர் நாடாவைப் பூட்டி வைக்க மறுத்தார். மத்திகிரியில் ஒரு பாலிடெக்னிக் மாணவி தன் பழைய லேப்டாப்பில் அதன் வாரிசை இன்றைக்கு இறக்கிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.