சிறுவாடு: தோல் நகரங்களின் எழுதப்படாத கணக்கு

வீட்டுச் செலவுக்கெனக் கைக்கு வரும் பணத்திலிருந்து, பிறர் அறியாவண்ணம் பெண்கள் சிறுகச் சிறுக ஒதுக்கிவைக்கும் தொகைக்குச் 'சிறுவாடு' என்பது பெயர். அரிசிப் பானையின் அடியிலும், அஞ்சறைப் பெட்டியின் கடுகுக் குழியிலும், சுருக்குப் பையின் உள்மடிப்பிலும் வாழ்ந்த சொல் இது. அரசர்தம் கருவூலங்களைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசும். வணிகர்தம் முதலைப் பற்றிக் கணக்கேடுகள் பேசும். சிறுவாட்டைப் பற்றிப் பேச ஓர் ஓலையும் இல்லை. ஆயினும் வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் வளர்ந்த தோல் நகரங்களின் குடும்பங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைபெற்றமைக்கு இந்தச் சிறுதொகையே அடிநிலை எனலாம்.

சிக்கனம் பற்றித் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வருவது திருக்குறள். வள்ளுவர் இப்பொருளை ஈரிடங்களில் தொடுகின்றார். பொருட்பாலில் வலியறிதல் அதிகாரத்தில் வரவுக்கு மேற்படாத செலவை அரசனுக்கு உரிய அறிவாகக் கூறுகின்றார். அறத்துப்பாலில் வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறளிலோ, கணவனின் வருவாய்க்குத் தக வாழ்தலை மனைவிக்கு உரிய மாண்பாகக் கூறுகின்றார். அரசன் செய்யும்போது கணக்கு எனப்படும் ஒன்று, இல்லாள் செய்யும்போது குணம் எனப்படுகின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. கணக்குக்கு மதிப்பீடு உண்டு. குணத்துக்குப் பாராட்டு மட்டுமே உண்டு. தோல் நகரங்களின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

பாலாறும் ஆவாரம் பட்டையும்

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அப்பாதை மேற்கே நீண்டு, பாலாற்றங்கரை ஊர்களைச் சென்னைத் துறைமுகத்தோடு பிணைத்தது. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இங்கே சுண்ணாம்புக் குழியில் ஊறி, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதமாகிக் கடல் கடந்து சென்றன. வணிகத்தில் பெரும்பாலும் இசுலாமியக் குடும்பங்களும், குழியில் இறங்கி உழைப்பதில் பெரும்பாலும் ஆதிதிராவிடர் குடும்பங்களும் ஈடுபட்டன. ஆவாரம் செடி வறண்ட நிலத்தில் தானே வளர்வது. அதன் பட்டையை உரித்து விற்பது மழையற்ற காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு துணை வருவாயாயிற்று.

இத்தொழிலின் வளர்ச்சியில் ஒரு கொடிய முரண் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கால்நடைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. தோல் ஏற்றுமதியோ பெருகிற்று. உழவனின் ஏர்மாடு வணிகனின் சரக்காயிற்று. நிலத்தையும் மாட்டையும் ஒருங்கே இழந்தவர்க்குக் கூலி ஒன்றே கதியாயிற்று. அக்கூலியும் நிலையானதன்று. இலண்டன் சந்தையில் விலை சரிந்தால் ஆம்பூரில் வேலை குறையும். பட்டை வரத்து நின்றால் குழிகள் வறளும். தொலைவில் நிகழும் ஏற்ற இறக்கத்தைத் தடுக்க வழியற்ற குடும்பம், தன் அடுப்பின் அளவைக் குறைத்துக்கொள்வதே வழியாயிற்று. இப்பகுதியில் சிக்கனம் பிறந்தது அறநூலிலிருந்து அன்று; கடற்சந்தையின் நிலையின்மையிலிருந்து ஆகும்.

பிடியரிசியும் கரிக்கோடும்

அச்சிக்கனத்தின் வழிமுறைகள் எளியன, ஆயின் நுட்பமானவை. உலையில் இடுமுன் அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் போடுவது பிடியரிசி. நாளொன்றுக்கு ஒரு பிடி எடுத்தால் எவர் வயிறும் உடனே அறியாது. வேலையற்ற வாரத்தில் அதுவே சில வேளை உணவாகும். கேழ்வரகுக் களியும் கூழும் வட ஆர்க்காட்டு ஏழையரின் நாளுணவு. நெல்லரிசிச் சோறு விழாநாளுக்கு உரியது. இறைச்சி மலிவாகக் கிடைத்த நாளில் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்திய உப்புக்கண்டம், கிடைக்காத நாளுக்கு உதவியது. நைந்த சேலை தொட்டிலாகிப் பின் மெத்தையாகிப் பின் கரித்துணியாகி முடிந்தது.

எழுத்தறியாத தாய்மார்க்கும் கணக்கு இருந்தது. பாற்கணக்கு சுவரில் கரிக்கோடாக நின்றது; மளிகைக் கடன் கடைக்காரரின் ஏட்டிலும் வாங்கியவள் நினைவிலும் நின்றது. 1957 ஏப்ரல் முதல் நாள் 16 அணா ரூபாய் 100 புதுக்காசு ரூபாயாக மாறியபோது, இந்நினைவுக் கணக்குகள் அனைத்தும் புதிதாகப் பெருக்கப்பட வேண்டியிருந்தன.

பிடியரிசி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்கே மிசோரத்தில் 1910 முதல் கிறித்தவப் பெண்டிர் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கித் திருச்சபைப் பணிகளைத் தாங்கினர். சப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் இதழாளர் 1904இல் இல்லத்தரசியர்க்கென வரவு செலவு ஏடு ஒன்றை அச்சிட்டு வழங்கினார். அது பின்னர் அந்நாட்டு வீடுகளில் வழக்கமாயிற்று. அங்கே பெண்ணின் கணக்கு அச்சேறியது. இங்கே சுவர்க்கரியில் நின்று, வெள்ளையடித்த நாளில் மறைந்தது. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியபோது உயிர்களோடு எத்தனை உண்டியல்களும் அரிசிப் பானைகளும் சென்றிருக்கும் என எண்ணினால், வீட்டுச் சேமிப்பின் வலுவின்மை விளங்கும்.

சீட்டு என்னும் ஏற்பாடு

வெள்ளமும் திருட்டும் மட்டுமன்றிக் குடும்பத் தலைவனின் குடிப்பழக்கமும் பானைக்காசுக்குப் பகை. ஆகவே காசை வீட்டிலிருந்து வெளியேற்றி, அண்டை வீட்டாரின் வாக்குறுதியில் வைத்தனர். இதுவே சீட்டு. 20 பேர் மாதம் 500 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில் திரளும் தொகை 10,000 ரூபாய். உடனடித் தேவையுடைய ஒருத்தி 2,000 ரூபாய் தள்ளி 8,000 ரூபாய்க்கு எடுக்கிறாள் எனக் கொள்வோம். சீட்டுப் பிடிப்பவர்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 500 ரூபாய் போக, எஞ்சிய 1,500 ரூபாய் 20 பேர்க்கும் தலைக்கு 75 ரூபாயாகப் பகிரப்படும். அம்மாதம் ஒவ்வொருவரும் 425 ரூபாய் கட்டினால் போதும். அவசரமுடையவள் பெற்ற கடனின் விலை, பொறுத்திருப்பவளின் ஆதாயமாகின்றது. சேமிப்பும் கடனும் ஒரே வட்டத்தில் சுழலும் இவ்வேற்பாட்டுக்கு ஈடு ஒன்றே: நாணயம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் அச்சொல்லே பொதுவாயிருத்தல் எண்ணத்தக்கது.

தமிழர் சென்ற இடமெல்லாம் சீட்டும் சென்றது. இலங்கையில் 1935இல் இயற்றப்பட்ட சட்டம் 'சீட்டு' என்னும் பெயரையே தாங்கியது. மலேசியாவில் 1971இல் வந்த தடைச் சட்டத்தின் தலைப்பில் 'கூட்டு' என்னும் சொல் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 1961இலும், நாடு முழுமைக்கும் 1982இலும் சீட்டு நிதிச் சட்டங்கள் பிறந்தன. ஆயினும் தெருவில் நடந்த சிறு சீட்டுகள் பதிவேட்டுக்கு வெளியேதான் வாழ்ந்தன.

சீட்டு எட்டாதபோது அடகுக் கடையும் வட்டிக்காரருமே புகலிடம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது காதுக்குச் சிறிதாக ஒலிக்கும். ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையில், பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரு பங்கினர்க்குக் குறையாமல் கடன்பட்டிருந்ததாக மதிப்பிட்டது. ஆண்டு முழுதும் சேர்த்த சிறுவாடு ஒரு மூக்குத்தியாகும்; ஒரு நோயில் அம்மூக்குத்தி அடகுக் கடைக்குச் செல்லும்; மீட்டெடுக்க மறுபடியும் பிடியரிசி தொடங்கும். இச்சுழற்சியே பலரது வாழ்நாள் ஆயிற்று.

அஞ்சலகம் முதல் மகளிர் குழு வரை

1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி நாடெங்கும் பரவியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1906இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி நொடித்தபோது பலரது சேமிப்பு அழிந்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாக மறு ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றியது. எனினும் இவற்றின் படிக்கட்டுகளைத் தோல் தொழிலாளர் குடும்பத்துப் பெண் மிதிக்க நெடுங்காலமாயிற்று. 1924இல் மிலான் நகரில் கூடிய பன்னாட்டுச் சேமிப்பு வங்கிகள் மாநாடு உலகச் சிக்கன நாளை அறிவித்தது. இந்தியாவில் அது அக்டோபர் 30இல் கொண்டாடப்படுகின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கெனச் சஞ்சயிகா திட்டமும், 1972 முதல் வீடு தேடிச் சென்று அஞ்சலகத் தொடர் வைப்புத் தொகையைத் திரட்டும் மகளிர் முகவர் திட்டமும் வந்தன. மாதம் பத்து ரூபாய் என 60 மாதம் கட்டியவர்க்கு அந்நாளில் 600 ரூபாயும் வட்டியும் சேர்ந்தன. வாசலுக்கே வந்த முகவர் பெண்மணியிடம் கொடுத்த காசு, சிறுவாடு முதன்முதலாகத் தன் பெயரில் எழுதப்பட்ட காசு ஆகும்.

இக்காலத்திலேயே தொழிலும் மாறியது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை அடுத்து, பாதி பதமான தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையான தோலும் காலணியும் ஊக்குவிக்கப்பட்டன. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் எழுந்த காலணித் தொழிற்கூடங்களில் தையல் வரிசைகளை நிரப்பியவர் பெரும்பாலும் மகளிர். அவர்கள் பெயரில் மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் வந்தன. அந்நிதி பலர்க்கு முதுமைக்காக இருக்கவில்லை. மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ இடையிலேயே கரைந்தது. காலணியின் மேற்பகுதியை இல்லத்திலேயே கையால் தைத்து இணைக்கு இவ்வளவெனச் சில ரூபாய் பெறுவோர்க்கு அதுவும் இல்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளில் பீடி சுற்றிய மகளிர்க்கேனும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் தொழிலாளர் என்னும் தகுதியைத் தந்தது.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் தன்னுதவிக் குழுக்கள், 1997இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தன. குழுவின் தீர்மான ஏட்டைக் காணும் எவர்க்கும் பழைய சீட்டின் சாயல் புலனாகும். தெருவின் நாணயத்தை வங்கி ஏற்றுக்கொண்ட நிகழ்வு அது.

சிக்கனத்தின் எல்லை

எத்துணைச் சிக்கனமும் காக்க இயலாத இழப்பு ஒன்று இதே காலத்தில் வெளிப்பட்டது. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி, தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பீட்டுக்கான வழக்கு அத்துடன் முடியவில்லை; 2025 சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதுபற்றி ஆணையிட நேர்ந்தது. கிணற்று நீர் கெட்ட வீட்டில் குடிநீரும் காசாயிற்று. பிடியரிசி எடுக்கலாம், பிடி நீர் எடுத்துச் சேமிக்க ஆறு இல்லை. தோல் கூலியில் மிச்சம் பிடித்தவளே தோல் கழிவுக்கும் விலை கொடுத்தாள்.

சேமிப்பைக் குறிவைத்த ஏமாற்றும் இங்கே மிகுதி. 1990களில் தமிழகமெங்கும் நிதி நிறுவனங்கள் சரிந்தமையால் 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் 2022இல் வேலூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் மிகுவட்டி காட்டிப் பெருந்தொகை திரட்டியோர் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவினர் வழக்குத் தொடுத்தனர். கந்துவட்டியைத் தடுக்க 2003இலும், கடன் திரட்டும் கொடுமையைத் தடுக்க 2025இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஏமாந்தவரைப் பேராசைக்காரர் எனப் பழித்தல் எளிது. பத்தாண்டுச் சிறுவாடு ஒரே ஆண்டில் இரட்டிக்கும் என்று சொன்னபோது அவர்கள் நம்பியமைக்குக் காரணம் ஆசை மட்டுமன்று. நேர்வழியில் சேர்த்த பணம் எக்காலத்தும் விலைவாசியை எட்டிப்பிடிக்கவில்லை என்னும் பட்டறிவும் ஆகும்.

ஆகவே சிக்கனத்தைப் புகழும்போது ஒரு வினா எழுதல் வேண்டும்: மிச்சமான அந்தப் பிடி எவர் தட்டிலிருந்து வந்தது? பிள்ளைகட்கும் கணவர்க்கும் இட்டபின் அடிப்பானையில் எஞ்சியதை உண்டவளின் பங்கிலிருந்தே அது பெரும்பாலும் வந்தது. குறைந்த கூலியால் விளைந்த பசியைச் 'செட்டான குடித்தனம்' என்று பாராட்டுவது, கொடுக்கவேண்டிய கூலியை மறைக்கும் திரையாகவும் அமையக்கூடும்.

தமிழ் இலக்கியம் ஈகையைப் பாடியது; கருமியை எள்ளியது. இவ்விருவர்க்கும் இடையில், கொடுக்கவும் இயலாமல் கருமியும் அல்லாமல், நாளைக்காக இன்று ஒரு பிடி குறைத்துண்டவளுக்கு அதில் இடம் சிறிதே. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் வரைந்தார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பாலாற்றங்கரையின் அடுக்களைக் கணக்கு இன்னும் தன் கவிஞரை எதிர்நோக்கி நிற்கின்றது.

2023 செப்டம்பர் 15இல் தமிழக அரசு குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அத்தொகைக்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. தொகையின் அளவு பற்றி வாதிடலாம். பெயர் பற்றி வாதிட இடமில்லை. அரசனுக்குக் கணக்காகவும் இல்லாளுக்குக் குணமாகவும் பிரிந்து நின்ற ஒன்று, அப்பெயரால் முதன்முறையாக ஒரே ஏட்டில் எழுதப்பட்டது. கரிக்கோடு அழிந்த சுவர்களில் எழுதப்பட்டிருந்ததும் அந்த உரிமையே ஆகும்.