அம்மைத் தழும்பும் ஆறு இலக்க எண்ணும்

ஐம்பது வயதைக் கடந்த தமிழர் பலரின் மேற்கையில், சட்டைக் கையைச் சுருட்டினால், காசளவில் ஒரு வட்டத் தழும்பு தெரியும். சிலருக்கு இரண்டு இருக்கும். அம்மை குத்திய அடையாளம் அது. பலரிடம் அதற்குச் சீட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை, தோல்தான் பதிவேடு. 2021இல் அதே கையை நீட்டி கொரோனா ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அப்படி ஒரு தடம் இல்லை. கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியும், ஊசி போட்ட தேதியைச் சொல்லும் குறுஞ்செய்தியும் இணையச் சான்றிதழும்தான் மிச்சம்.

இந்த இரண்டு அடையாளங்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதுதான் அந்தக் கதை.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையிலிருந்து பெரியம்மைக்குத் தடுப்பு கண்டார். ஆறே ஆண்டில் அது வியன்னா, பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று, ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிதான் இந்தியாவில் முதன்முதலில் அம்மை குத்தப்பட்டவள். குளிர்பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். எட்டு நாளைக்கு ஒரு குழந்தை என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். அந்தச் சங்கிலி அந்த ஆண்டே சென்னையையும் எட்டியது.

எட்டியதும் மக்கள் கை நீட்டிவிடவில்லை. வீட்டில் ஒருவருக்கு முத்து போட்டால் அதை நோய் என்று சொல்வதே தப்பு. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை மாரியம்மனை மனம் குளிர வைப்பதுதான் முறை. வந்த அம்மனை ஊசியால் தடுப்பதாவது? அதோடு எவர் வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து எடுத்ததோ என்ற சாதித் தயக்கம். தன் பிள்ளையின் கொப்புளத்தைக் கீறி நீர் எடுக்க விட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? பிற்காலத்து அதிகாரிகள் இதையெல்லாம் ஒரே சொல்லில் அறியாமை என்று எழுதிவைத்தார்கள். அது நியாயமல்ல. அந்தப் பயத்தில் பாதி, உடம்பு வலியிலிருந்து வந்தது.

சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துச் சொன்ன அதே எல்லிஸ்தான். தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்வதாக ஒரு கதையைத் தமிழில் எழுதினார். பசுவிடமிருந்து வரும் அம்மையும் தெய்வத்தின் அருளே என்று அது சொன்னது. மக்களின் நம்பிக்கையை இடிக்காமல் அதன் வாசல் வழியாகவே உள்ளே போகப் பார்த்த முயற்சி.

கைக்குக் கை மாற்றும் முறை மறைந்து, கன்றுகளின் தோலில் வளர்த்தெடுக்கும் அம்மைப்பால் வந்தபோது பெற்றோரின் தயக்கம் ஓரளவு குறைந்தது. வெயிலில் அது கெடாமல் காப்பதற்கு, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் கம்பளிக் கொழுப்பில் குழைத்து வைக்கும் வழியைக் கையாண்டார். 1899இல் கிண்டியில் உருவான நிறுவனம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து புறப்பட்ட அம்மைப்பாலோடு ஊர் ஊராக நடந்தவர்கள் அம்மை குத்துகிறவர்கள். பல் வைத்த சிறு வட்டைத் தோலில் அழுத்திச் சுழற்றுவார்கள். அவர்கள் தெருமுனையில் தெரிந்தாலே பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த பிள்ளையைத் தேடிப் பிடித்துக் குத்தினார்கள் என்பதால்தான், 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்திய மண்ணில் எவருக்கும் பெரியம்மை தொற்றவில்லை.

2021இல் கொரோனா ஊசி வந்தபோது இந்தத் திசை மாறியது; ஊசியைத் தேடி மக்கள்தான் போக வேண்டியிருந்தது. ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்கும், மார்ச்சில் முதியோருக்கும், ஏப்ரலில் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஊசி தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் மாரடைப்பால் காலமானார். இரண்டு நாள் முன்புதான் அவர் மக்களுக்கு நம்பிக்கையூட்ட ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று வல்லுநர் குழு பின்னர் சொன்னது. அதற்குள் பயம் வீடு வீடாகப் புகுந்துவிட்டது.

மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை இருப்பவர்களுக்கும் என்று அறிவித்தபோது, கோவின் என்ற அரசு இணையத் தளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது விதி. எண்ணைத் தட்டி, ஓடிபி வாங்கி, அடையாள அட்டை விவரம் கொடுத்து, அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் எல்லா இடமும் நிரம்பியிருக்கும். இடம் திறந்த சில நொடிகளில் தீர்ந்துவிடும். இணைய வேகமும் நல்ல கைப்பேசியும் உள்ளவர்கள் ஸ்லாட் பிடித்தார்கள்; மற்றவர்கள் பேரனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கெஞ்சினார்கள். ஜூன் தொடக்கத்தில் அந்தத் தளம் இந்திய மொழிகளில் வந்தபோது அதில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே சேர்த்தார்கள். உயிர் காக்கும் மருந்துக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை சில வாரமே நீடித்தாலும் அது பெரும் அநீதி. இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமும் மே 31 அன்று கேட்டது.

தமிழ்நாட்டில் இந்த வயதினருக்கான ஊசி மே 20 அன்று திருப்பூரில் தொடங்கியது. அந்த ஊரில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களால் ஸ்லாட் திறக்கும் நொடிக்காகக் காத்திருக்க முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே ஊசி போனது. ஜூன் 21 முதல் நேரில் போனாலே போதும் என்று நாடு முழுவதும் ஆனது. சென்னையை அடுத்த கோவளம் மீனவக் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தொண்டு அமைப்பு ஒன்று பிரியாணி கொடுத்தது. குலுக்கலில் தங்கக்காசும் வைத்தது. ஒதுங்கி நின்ற ஊர் வரிசையில் வந்து நின்றது.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சத்துணவுக்கூடம், பேருந்து நிலையம் என்று மாநிலம் முழுக்க 40,000 முகாம்கள். இருபது லட்சம் பேருக்குப் போடுவதாக இலக்கு. போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். ஞாயிறு கறி எடுக்கும் நாள், ஊசி போட்டால் கறியும் மதுவும் கூடாது என்று சிலர் தயங்கியதாகத் தெரிந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எல்லிஸ் செய்ய முயன்றதும் ஏறக்குறைய இதுதான். ஊராரின் வழக்கத்தோடு சண்டை போடாமல் அவர்கள் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தார்கள். முகாமுக்கும் வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அந்தச் செவிலியர்களின் அனுபவம் இன்னும் முறையாக எழுதப்படவில்லை. கைப்பேசியை மாற்றும்போது குறுஞ்செய்திகள் போய்விடுகின்றன. தழும்பு உள்ளவர்களும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் அந்த வட்டத் தழும்பு எந்த ஊரில், யார் குத்தியது என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்கு 2021இல் ஊசிப்பெட்டியோடு வந்த நர்சம்மாவிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.