மெட்ராஸ்ல 'கண்டுபிடிச்ச' கிரகம்

வேற சூரியனைச் சுத்துற கிரகம்னு பேச்சு வந்தா எல்லாரும் 1995-ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. மிஷெல் மேயர், டிடியே கெலோ ரெண்டு பேரும் 51 பெகாசிங்கற, நம்ம சூரியன் மாதிரியான நட்சத்திரத்துக்கிட்ட ஒரு கிரகத்தைக் கண்டுபிடிச்சாங்க. 2019-ல நோபல் பரிசும் வாங்கினாங்க. ஆனா அதுக்கு 140 வருஷம் முன்னாடியே நம்ம நுங்கம்பாக்கத்துல இருந்து ஒருத்தர் இதே மாதிரி சொல்லியிருக்காருங்க!

அவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல கட்டின மெட்ராஸ் வானாய்வகத்தோட தலைவர். அவர் கவனிச்சது 70 ஒஃபியூக்கி. சுமார் 17 ஒளியாண்டு தூரத்துல, ஒண்ணையொண்ணு 88 வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வர்ற ரெட்டை நட்சத்திரம். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும் தொலைநோக்கியில தெரிஞ்ச இடத்துக்கும் துளியூண்டு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இழுக்குது, அது கிரகமா இருக்கலாம்னு 1855-ல எழுதினார்.

இது வெறும் கற்பனை இல்லை. யுரேனஸ் தடுமாறினதை வெச்சுத்தான் 1846-ல நெப்டியூனையே பிடிச்சாங்க. அதே லாஜிக்கை நட்சத்திரத்துக்குப் போட்டுப் பார்த்தார் ஜேக்கப்.

1896-ல அமெரிக்காவோட தாமஸ் சீ இன்னும் அடிச்சுச் சொன்னார். மறைஞ்சிருக்கறது 36 வருஷத்துக்கு ஒரு சுத்து சுத்துதுன்னார். 1899-ல ஃபாரஸ்ட் மோல்டன் கணக்குப் போட்டு, அப்படி ஒரு பாதையில எதுவும் நிலைச்சு நிக்காதுன்னு காட்டிட்டார். இன்னிக்கு வரைக்கும் அங்க எந்தக் கிரகமும் உறுதியாகலை. அந்த வித்தியாசம், கண்ணால பார்த்து அளந்த காலத்துப் பிழைதான்.

அப்போ ஜேக்கப் தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. நட்சத்திரம் ஆடுதான்னு பாரு, பக்கத்துல இருக்கறது தெரியும்ங்கறதுதான் அவரோட யோசனை. மேயரும் கெலோவும் செஞ்சதும் அதேதான். இடத்தை அளக்காம ஒளியோட நிறமாலையை அளந்தாங்க. யோசனை சரி, கருவிதான் பத்தலை. அதே நிறமாலை வழியில 2018-ல அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்காரங்க, அபு மலையில இருந்து, சுமார் 600 ஒளியாண்டு தள்ளி சூரியன் மாதிரி நட்சத்திரத்தைச் சுத்துற ஒரு கிரகத்தை உறுதிப்படுத்தினாங்க.

70 ஒஃபியூக்கியை வெறும் கண்ணாலயே பார்க்கலாம். ஆடி மாசம் ராத்திரி பத்து மணிக்கு மேல, கொல்லிமலை அடிவாரத்துல எங்க பேளுக்குறிச்சி மாதிரி இருட்டான ஊர்ல உச்சிக்குப் பக்கத்துல மங்கலா ஒரு புள்ளி. சென்னைக்காரங்களுக்கு கஷ்டம்தான், நுங்கம்பாக்கத்துல இப்போ அவ்வளவு வெளிச்சம்!