ஒளியிலிருந்து மைக்கு: அச்சில் நிறமாற்றத்தின் வரலாறு

முன்னுரை

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து படத்தைக் காட்டுகிறது. அச்சு எந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைத் தாளில் பதிக்கிறது. முன்னதை ஆர்ஜிபி என்றும் பின்னதைச் சிஎம்ஒய்கே என்றும் குறிப்பர். முன்னதைப் பின்னதாக மாற்றுவது கணினி தானே செய்யும் கணக்கீடாகக் கருதப்படுகிறது. அது தொடக்கம்முதல் மனிதத் தெரிவு சார்ந்த பணியாகவே இருந்துவருவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கண்ணால் பிரித்த நிறம்

பிராங்க்பர்ட்டில் பிறந்த யாக்கோப் கிறிஸ்டோப் லெ பிளோன் (1667–1741) நீலம், மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செப்புத் தகடுகள் அமைத்து, அவற்றை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். இம்முறைக்கு 1719இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1725 அளவில் இலண்டனில் வெளியான ‘கொலொரிட்டோ’ என்னும் நூலில், பொருள்நிறங்கள் கலந்தால் கறுப்பும், நியூட்டன் காட்டிய ஒளிநிறங்கள் கலந்தால் வெண்மையும் தோன்றும் என வேறுபடுத்தினார். இன்றைய இரு நிறமுறைகளின் அடிப்படை வேறுபாடும் இதுவே. எந்தத் தகட்டில் எவ்வளவு நிறம் என்பதை அவர் கண்ணாலேயே முடிவுசெய்தார்.

வடிகட்டியும் திருத்தமும்

1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மூன்று வடிகட்டிகளின் வழி எடுக்கப்பட்ட படங்களை ஒளியால் ஒன்றிணைத்து நிறப்படம் காட்டினார். 1869இல் லூயி டுகோ து ஓரோன் இத்தகைய பிரிப்பை மைநிறங்களுக்குக் கொண்டுசெல்லும் வழியை நூலாக வெளியிட்டார். பின்னர் அச்சுத்தொழிலில் சிவப்பு வடிகட்டியின் படம் சியான் தகட்டுக்கும், பச்சையின் படம் மெஜந்தாவுக்கும், நீலத்தின் படம் மஞ்சளுக்கும் உரியதாயிற்று. எனினும் மைகள் தூயன அல்ல. சியான் மை சிவப்பொளியோடு பச்சை, நீல ஒளிகளிலும் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது. ஆதலால் தொழிலாளர் புள்ளிகளை அமிலத்தால் அரித்துக் கையால் நிறந்திருத்தினர். மூன்று மைகள் தாளில் உண்டாக்கும் 8 சேர்க்கைகளைக் கொண்டு அச்சு நிறத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளை நியூகபவர் 1937இல் அளித்தார்.

கணினியில் தொடரும் தெரிவு

1993இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு (ஐசிசி) தோன்றியது. ஒவ்வொரு கருவியின் நிற இயல்பையும் கருவி சாராத பொது அளவையோடு இணைக்கும் ‘புரொஃபைல்’ என்னும் கோப்புமுறையை அது பொதுமையாக்கியது. தெரிவு அப்போதும் மறையவில்லை, கோப்புக்குள் இடம்பெயர்ந்தது. மூன்று எண்களை நான்காக்குகையில் ஒரே பழுப்பை மூன்று மைகளாலும் தரலாம். கறுப்பு கூட்டி ஏனையவற்றைக் குறைத்தும் தரலாம். திரையின் ஒளிர்பச்சை போன்று மைக்கு எட்டாத நிறங்களை அருகிலுள்ள நிறத்தால் ஈடுசெய்வதா, படம் முழுவதையும் சுருக்குவதா என்பதும் முடிவுக்குரியது. இவ்வாறு இழந்த நிறம் மீண்டும் ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் திரும்பாது.

முடிவுரை

லெ பிளோனின் கண், தொழிலாளரின் அமிலம், இன்றைய புரொஃபைல் ஆகிய மூன்றும் ஒரே பணியின் வெவ்வேறு நிலைகள். எனவே சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை நூற்படங்களின் வழி ஆராய்வோர், அச்சில் காணும் நிறத்தை மூல நிறத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆவணக் காப்பகங்கள் மாற்றத்துக்கு முந்தைய ஆர்ஜிபி மூலக்கோப்பையும் அதன் புரொஃபைலையும் பேணுதல் இன்றியமையாதது.