ஸ்கிராபிள்

ஸ்கிராபிள், எழுத்து பொறித்த வில்லைகளைப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிச் சொற்களை அமைக்கும் விளையாட்டு. இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். பலகையில் 225 கட்டங்கள், ஆங்கிலப் பதிப்பின் பையில் 100 வில்லைகள். ஆடுபவர் பார்க்காமல் எடுத்த ஏழு வில்லைகளைக் கொண்டு, பலகையில் ஏற்கெனவே உள்ள சொல்லோடு பொருந்துமாறு புதிய சொல்லை வைக்க வேண்டும்.

இதை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் (1899–1993) என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அவர், புதிய விளையாட்டு ஒன்றை அமைக்க முனைந்தார். பகடையாட்டத்தில் அதிர்ஷ்டமே ஆள்கிறது. சதுரங்கத்தில் அதற்கு இடமே இல்லை. இரண்டும் கலந்த சொல்லாட்டம் ஒன்றே அவர் தேடியது.

அதற்காக நியூயார்க் டைம்ஸ் முதலிய இதழ்களின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாக எண்ணினார். ஸ்கிராபிளின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அடிக்கடி வரும் ‘இ’ எழுத்துக்கு 12 வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. அரிதான ‘க்யூ’, ‘இசட்’ இரண்டுக்கும் ஒவ்வொரு வில்லை, பத்துப் புள்ளி. ஓரிடத்தில் மட்டும் அவர் வேண்டுமென்றே கணக்கை மீறினார். ‘எஸ்’ மிகுதியாக வரும் எழுத்து. ஆனால் அதைச் சொல்லின் கடைசியில் ஒட்டிப் பன்மையாக்கினாலே புள்ளி கிடைத்துவிடும் என்பதால் நான்கு வில்லைகளோடு நிறுத்தினார். ஆட்டத்தின் தரத்தைக் காத்த முடிவு இது.

லெக்சிகோ, பிறகு கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ் என்ற பெயர்களில் பட்ஸ் முன்வைத்த இந்த ஆட்டத்தைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையைப் பெற்று, விதிகளைச் சற்று எளிமையாக்கி, ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்குப் பங்குத்தொகை உண்டு. 1949இல் கனெக்டிகட்டில் 2,400 பெட்டிகள் செய்தும் புரூனோவுக்கு 450 டாலர் இழப்பே மிஞ்சியது. 1952 வாக்கில் நியூயார்க்கின் மேசிஸ் கடை பெருமளவில் வாங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. தேவையை ஈடுகட்ட முடியாமல், தயாரிப்பை செல்ச்சோ அண்ட் ரைட்டர் நிறுவனத்திடம் அவர் ஒப்படைத்தார். இன்று வட அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோவும் பிற நாடுகளில் மாட்டலும் உரிமையாளர்கள்.

வீட்டுப் பொழுதுபோக்காகத் தொடங்கியது போட்டியாகவும் வளர்ந்தது. 1978இல் ஆட்டத்துக்கென்றே தனி அகராதி வெளிவந்தது. 1991இல் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. பிற மொழிப் பதிப்புகளில் அந்தந்த மொழிக்கேற்ப எழுத்துப் பங்கீடு மாறும்: ஆங்கிலத்தில் பத்துப் புள்ளி பெறும் ‘இசட்’ போலிஷ் பதிப்பில் ஒரே புள்ளி. தேர்ந்த ஆட்டக்காரருக்குச் சொல்லின் பொருள்கூடத் தேவையில்லை. எழுத்துச் சேர்க்கைகளின் நினைவும், எங்கே வைப்பது, எதைக் கையில் மிச்சம் வைப்பது என்ற கணிப்புமே முக்கியம். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, அகராதியை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார்.