கெட்டிக் காற்றும் வேகமும்

சைக்கிள் டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடித்தால்தான் வண்டி லேசாக ஓடும் என்ற நம்பிக்கை நூறாண்டு தாண்டியும் மாறவில்லை. சைக்கிளுக்குக் காற்று டயர் வந்த கதையோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கெட்டி ரப்பர் பூட்டிய மூன்று சக்கர சைக்கிளில் தன் மகன் குலுங்குவதைக் குறைக்க 1887-இல் ஒரு வழி தேடினார். மரத்தட்டு ஒன்றின் விளிம்பில் ரப்பர்க் குழாயை வைத்து, மேலே துணியைச் சுற்றி ஆணியடித்து, கால்பந்து பம்பால் காற்று ஏற்றினார். அதையும் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் வழியிலேயே சாய்ந்தது. மற்றது முற்றத்தைக் கடந்து கேட்டில் மோதித் திரும்பியது. 1889 மே மாதம் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் இந்த டயருடன் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் இறங்கி, கெட்டி ரப்பரில் வந்தவர்களை முந்தினார். கெட்டித்தன்மைதான் வேகம் என்றால் அன்று அவர் தோற்றிருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் எதிரான நம்பிக்கை வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. வழவழப்பான பந்தயத் தளத்திலும், சோதனைக்கூடத்தின் இரும்பு உருளையிலும், காற்று ஏற ஏற டயர் நசுங்குவது குறைகிறது. உருளும் தடையும் குறைகிறது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் உருளையின் மேல் மனிதர் உட்காருவதில்லை. சாலையின் மேடுபள்ளத்தில் கெட்டி டயர் துள்ளும்போது ஓட்டுபவரின் தசைகள் குலுங்கி, அவர் மிதித்த சக்தியில் ஒரு பங்கு வீணாகிறது. அமெரிக்காவின் 'பைசைக்கிள் குவாட்டர்லி' இதழ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் ஏறிய சைக்கிள்களைச் சாலையிலேயே ஓட்டிச் சோதித்து இதைக் காட்டியது. பந்தயக்காரர்களும் மெல்ல வழிக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் காற்று அடித்த டூர் டி பிரான்ஸ் வீரர்கள், இன்று 28 மில்லிமீட்டர் அகலத்தில் 70 பவுண்டை ஒட்டியே நிற்கிறார்கள்.

காற்று குறைந்தால் பள்ளத்தில் ரிம் இடிக்கும், டியூப் நசுங்கிப் பஞ்சராகும், வளைவில் டயர் நெளியும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஒல்லி டயரில் காற்றை மட்டும் குறைப்பவருக்கு இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். ஆனால் டயர் அகலமாக ஆக, குறைந்த அழுத்தமே அதே சுமையைத் தாங்கும். ஆகவே சரியான அளவு என்பது அகலமும் ஆளின் எடையும் சேர்ந்து முடிவு செய்வது. பின்சக்கரம் அதிக பாரம் சுமப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். அளவுக்கு மீறிய காற்றும் ஆபத்துதான்: துள்ளும் டயர் தரையைப் பிடிக்காது, பிரேக் போட்டால் வழுக்கும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் இன்றும் இருப்பது 1890-களில் வந்த, ரப்பர் உறை மாட்டிய வால்வு. அதில் கேஜ் வைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் சரியாகத் தெரியாது. அதனால்தான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் தங்கிவிட்டது. விரலுக்கு 50 பவுண்டும் 70 பவுண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கார் டயருக்கு உள்ளது போன்ற வால்வுடன் டியூப் கிடைக்கிறது. அடுத்த முறை டியூப் மாற்றும்போது, ரிம்மின் துளைக்குப் பொருந்துமா என்று பார்த்து, அதையே கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், அதற்குக் கீழேயே உங்கள் எடைக்கு ஏற்ற அளவைத் தேடுங்கள்.