எஸ்எக்ஸ்-70க்குள் 600 ஃபிலிம் நுழைந்த கதை

போலராய்ட் 600 ஃபிலிம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில பிளாஸ்டிக் முட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். அச்சில் வார்க்கும்போது விழுந்த பிசிறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிசிறு இல்லை. பழைய எஸ்எக்ஸ்-70 கேமராவுக்குள் இந்த டப்பா போகக் கூடாது என்று கம்பெனியே வைத்த தடை. மற்றபடி இரண்டு ஃபிலிமுக்கும் டப்பா ஒரே அளவு, வெளியே வரும் சதுரப் படம் ஒரே அளவு, அடியில் இருக்கும் 6 வோல்ட் தட்டை பேட்டரியும் ஒன்றேதான். அந்த முட்டுகளை வழித்துவிட்டால் டப்பா சமர்த்தாக உள்ளே போய்விடும். போய் உட்கார்ந்த பிறகு வருகிற சிக்கல் வேறு.

எஸ்எக்ஸ்-70ஐ போலராய்ட் நிறுவனர் எட்வின் லேண்ட் 1972இல் உலகத்துக்குக் காட்டினார். மடக்கினால் கோட்டுப் பைக்குள் போகிற கேமரா. விரித்தால் லென்ஸ் வழியாகவே பார்த்து ஃபோகஸ் செய்யும் முழு எஸ்எல்ஆர். பித்தானை அமுக்கினால் மோட்டார் படத்தை வெளியே தள்ளும். அது நம் கண் முன்னாலேயே வெளிச்சத்தில் மெல்லத் தெளியும். அதுவரை போலராய்ட் என்றால் தாளை உரிப்பது, கசடு வழியும் குப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுவது. இந்தக் கேமராவில் அதெல்லாம் பழங்கதை ஆனது. விலை 180 டாலர். அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

இவ்வளவு சாமர்த்தியமான கேமராவுக்கு ஒரே ஒரு பலவீனம்: வெளிச்சப் பசி. அதன் ஃபிலிம் வேகம் 150 ஏஎஸ்ஏ அளவில்தான். லென்ஸை முழுக்கத் திறந்தாலும் எஃப்/8 தாண்டாது. வெயிலில் பிரச்சினை இல்லை, ஷட்டர் நொடியில் 175இல் ஒரு பங்கு வரை போகும். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்தால் அதே ஷட்டர் நிதானமாகத் திறந்தே கிடக்கும். இருட்டாக இருந்தால் பத்து நொடிக்கு மேலும் திறந்திருக்கும். குழந்தை அத்தனை நேரம் அசையாமல் உட்காருமா? அதற்காகத்தான் மேலே சொருகும் ஃபிளாஷ் பார் வந்தது. ஒரு பாரில் பத்து பல்பு, எரிந்தது எரிந்ததுதான், அடுத்ததற்குக் காசு.

இந்தக் குறையை முதலில் சரிசெய்தது போலராய்டே. 1981இல் 600 ஃபிலிம் வந்தது, வேகம் 640. பழையதைவிட நாலு மடங்கு, கேமராக்காரர்கள் பாஷையில் இரண்டு ஸ்டாப். அடுத்த ஆண்டே எஸ்எல்ஆர் 680 என்று ஒரு கேமரா. பெயரும் உடுப்பும் புதிது. உள்ளே அதே மடங்கும் எஸ்எக்ஸ்-70 உடம்பு. 600க்கு ஏற்ற எலக்ட்ரானிக்ஸ், ஒலி அலையால் தூரம் அளக்கும் ஆட்டோ ஃபோகஸ், கூடவே ஒட்டிப் பிறந்த ஃபிளாஷ். பிற்காலத்தில் ரிப்பேர்க்காரர்கள் தங்கள் மேசையில் செய்ததைக் கம்பெனி தன் தொழிற்சாலையில் முன்பே செய்து காட்டிவிட்டது என்பதுதான் என் கணக்கு. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருந்த எஸ்எக்ஸ்-70க்கு அது எதுவும் செய்யவில்லை. செய்ய அவசியமும் இல்லை. அந்தக் கேமராவுக்கான மெதுவான ஃபிலிம் கடையில் தொடர்ந்து கிடைத்தது. ஆள் தெரியாமல் மாற்றிப் போட்டுப் படம் வெளுத்துவிடக் கூடாதே என்று முட்டுகளை மட்டும் வைத்தது.

அந்த ஏற்பாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2006ஐ ஒட்டி எஸ்எக்ஸ்-70 ஃபிலிம் தயாரிப்பு நின்றது. 600 மட்டும் வந்துகொண்டிருந்தது. தோல் ஒட்டிய, குரோம் மினுங்கும் அழகான கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் போட எதுவும் இல்லாமல் நின்றார்கள் அதன் பிரியர்கள். முட்டுகளைப் பற்றி அவர்கள் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். சிலர் பிளேடால் சீவினார்கள். சிலர் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை அடியில் கொடுத்து, டப்பாவை அதன்மேல் வழுக்கி உள்ளே தள்ளினார்கள்.

படம் எடுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. கேமரா தன்னிடம் 150 ஏஎஸ்ஏ ஃபிலிம் இருக்கிறது என்றே நம்பி, தேவைக்கு நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. முன்பக்கம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் உண்டு. அதைக் கறுப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினாலும் ஒன்றரை ஸ்டாப்தான் குறையும். இரண்டு வராது.

முதலில் கிடைத்த வழி என்டி ஃபில்டர். சாம்பல் நிறத்தில் ஒரு தாள், வெளிச்சத்தில் கால் பங்கை மட்டும் விடும். அதை ஃபிலிம் அளவுக்கு வெட்டி டப்பாவின் மேல் வைத்துவிடுவது. படங்கள் அதற்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவி வெளியேறும், தாள் இருந்த இடத்திலேயே இருக்கும், அடுத்த டப்பாவுக்கும் ஆகும். இதையே லென்ஸுக்கு முன்னால் ஒட்டியவர்களும் உண்டு. லென்ஸ் வழியாகத்தானே பார்க்கிறோம், அதனால் வ்யூஃபைண்டரும் இருட்டிப்போகும். லென்ஸோடு பக்கத்தில் இருக்கும் மின்கண்ணையும் சேர்த்து மூடிவிட்டால் இன்னும் வேடிக்கை: வெளிச்சம் குறைந்துவிட்டது என்று எண்ணிக் கேமரா ஷட்டரை நாலு மடங்கு நேரம் திறந்து வைக்கும். வைத்த தாளுக்குப் பலனே இல்லை.

ஃபில்டர் படத்தைக் காப்பாற்றியது, வாஸ்தவம். ஆனால் அந்த வேலையின் லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்கள். 640 வேக ஃபிலிமுக்குக் காசு கொடுத்து வாங்கி, வாசலிலேயே முக்கால் வெளிச்சத்தைத் தடுத்து, பழையபடி 160 ஆக்கிக்கொள்கிறோம். வீட்டுக்குள் எடுத்தால் அதே நீண்ட நேரம், அதே கை நடுக்கம்.

அடுத்த வழி கேமராவின் நம்பிக்கையையே மாற்றுவது. எஸ்எக்ஸ்-70 முன்கூட்டியே கணக்குப் போட்டு ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஷட்டர் திறந்ததும் மின்கண்ணில் விழும் வெளிச்சம் மின்னோட்டமாகி ஒரு கெப்பாசிட்டரை நிரப்ப ஆரம்பிக்கும். குறிப்பிட்ட வோல்டேஜ் வந்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். அப்படியானால் கெப்பாசிட்டரைச் சின்னதாக்கினால் சீக்கிரம் நிரம்பும், ஷட்டர் சீக்கிரம் மூடும். கணக்குப்படி நாலில் ஒரு பங்கு அளவு. நடைமுறையில் நாற்பது ஐம்பது வருஷத்துக் கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். மாட்டி, எடுத்துப் பார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியைச் சரிக்கட்டித்தான் ஆக வேண்டும். முன்பக்க மூடியைக் கழற்றி, இத்தனூண்டு சர்க்யூட் போர்டில் சால்டரிங் வைக்கிற வேலை. கை பழகாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

2008இல் போலராய்ட் ஃபிலிம் தயாரிப்பையே கைவிட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களை இம்பாசிபிள் ப்ராஜெக்ட் என்ற நிறுவனம் வாங்கி, 2010இல் எஸ்எக்ஸ்-70க்கும் 600க்கும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கொண்டுவந்தது. மெதுவான ஃபிலிம் திரும்ப வந்தாயிற்று; இந்தக் கேமரா மாற்றும் வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, கூடியது. தட்டுப்பாட்டில் தொடங்கியவர்கள் அதற்குள் கால் பங்கு நேரத்தின் ருசியைக் கண்டுவிட்டார்கள். ஹாங்காங்கின் மின்ட் நிறுவனம் பழைய எஸ்எக்ஸ்-70களைப் பிரித்துச் செப்பனிட்டு, 600க்கு மாற்றி, எஸ்எல்ஆர் 670 என்ற பெயரில் விற்றது. ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கையில் பிடித்தே உருவப்படம் எடுக்க முடிகிறது என்றால் யார் விடுவார்கள்?

ஃபிளாஷ் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபிளாஷ் பார் சொருகியிருந்தால் எஸ்எக்ஸ்-70 ஃபோகஸ் தூரத்தை வைத்துத்தான் லென்ஸ் துவாரத்தை அமைக்கும். அந்தக் கணக்கு பழைய ஃபிலிமுக்குப் போட்டது. கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிய கேமராவில் ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுக்கத்தான் செய்யும்.

இப்போது இரண்டு ஃபிலிமும் மறுபடி போலராய்ட் பெயரிலேயே கிடைக்கின்றன, டப்பாவுக்கு 8 படம். பகலில் வெளியே எடுப்பவராக இருந்தால் கேமராவைப் பிரிக்காதீர்கள், எஸ்எக்ஸ்-70 ஃபிலிமே போதும். அறைக்குள் மனிதர்களை எடுப்பவராக இருந்தால் ஃபில்டரில் காசைப் போடாமல் தெரிந்தவரிடம் கொடுத்து போர்டை மாற்றிக்கொள்ளுங்கள். எதுவானாலும், அதே கடையில் கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று ஐ-டைப் ஃபிலிமை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் டப்பாவில் பேட்டரி கிடையாது. எஸ்எக்ஸ்-70க்கு மின்சாரம் அந்த டப்பாவிலிருந்துதான் வர வேண்டும்.